ஒன்பது வோல்ட்

முருகன்குறிச்சி முக்கில்
இரண்டரை மணி டீ.
மூன்று மேடையிலிருந்து இறங்கி வந்த
மூன்று பேஸ் கிடார்க்காரர்கள் நாங்கள்.
பால்கேன் ஓரம் சாத்திவைத்த கறுப்புப் பைகளில்
இரண்டுக்கு நாலு கம்பி.
ஜாய்லினுடையதற்கு ஐந்து;
அதைச் சொல்லாவிட்டால் டீக்காசு தரமாட்டாள்.

செய்யதலிதான் ஆரம்பித்தான்.
"கம்பியக் கழத்தி வெந்நியில போடும் வே.
பத்தே நிமிசம்.
நாலு வருசத்து வேர்வையும் மேல மிதக்கும்.
நான் இட்லிச் சட்டியிலதான் போடுதேன்."
"அப்போ இட்லி?"
"மறுநா லேசா இரும்பு வாசம்.
சாம்பார் ஊத்துனா தெரியாது."

ஜாய்லின் ஒப்பவில்லை.
பேஸ் என்றால் ஈரச் சாக்கைத்
தரையில் போட்டதுபோல விழவேண்டும் அவளுக்கு.
"ஒரு பழைய ஹவாய்ச் செருப்ப எடுலே.
குதிங்கால் பக்கம் நாலு விரக்கடை வெட்டி
பிரிட்ஜ் கிட்ட கம்பிக்கு அடியில செருகு.
எடது செருப்புதான் எடுப்பா இருக்கும்."
"ஏன் எடது?"
"வலது தொலஞ்சாத்தானே
எடது சும்மா கெடக்கும்?"

ஆனிச் சாரல் தென்காசி தாண்டி வீசினால்
கழுத்து வளைகிறது,
கம்பி எழும்பி விரலை அறுக்கிறது என்றேன்.
இருவரும் ஒரே நேரத்தில், "கால் திருகு."
அதற்கு மேல் திருகுகிறவனுக்கு
மரம் சொல்லிவிட்டு முறியாதாம்.

வாசிப்பில்தான் சண்டை வந்தது.
செய்யதலி நிறைய வாசிப்பான்.
பாடுகிறவர் மூச்செடுக்கும் இடத்தில்
இவன் மூன்று சுரம் நுழைத்துவிட்டு வருவான்.
"அது அவிய எடம்லே," என்றாள் ஜாய்லின்.
"ட்ரம்ஸ்காரன் வலது காலப் பாரு. அது போதும்.
மூஞ்சியப் பாக்காத,
அவன் வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருப்பான்."
செய்யதலி டீயை ஊதினான்,
ஆறிப்போன டீயை.

அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.
சொல்லவேண்டாம் என்றுதான் வந்தேன்.

சீவலப்பேரிப் பக்கம் கொடை.
இடைவேளை முடிந்து மூன்றாவது பாட்டில்
என் பேட்டரி செத்தது.
பகலெல்லாம் வீடுவீடாக ஏறி
மின்வாரியத்துக்குக் கணக்கெடுக்கிறவன் நான்.
மாற்றுப் பேட்டரி இல்லை.
இரண்டு பாட்டு சும்மா தட்டினேன்.
தலையை ஆட்டினேன்.
ஓரிடத்தில் கண்ணைக்கூட மூடினேன்.
விசில் பறந்தது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள்.
கீபோர்டு திரும்பவில்லை,
ட்ரம்ஸ் திரும்பவில்லை,
மிக்ஸரில் இருந்தவன் முறுக்கு தின்றான்.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.
சிரிக்கவில்லை.
"இடைவேளையில ஜாக்க உருவுனியா?" என்றாள்.
இல்லை.
"சொருகியே இருந்தா கரண்ட உறிஞ்சிக்கிட்டேதாம்லே இருக்கும்."
"பைக்குள்ள ஒண்ண டேப் போட்டு ஒட்டி வையும்,"
செய்யதலி சொன்னான்.
"ரெண்டு முனையையும் நாக்குல வச்சுப் பாரும்.
சுள்ளுனு இருந்தா ஒரு கச்சேரி தாங்கும்."

இன்னும் ஒன்று இருக்கிறது,
அதைக் கடைசி வரை சொல்லவில்லை.

ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது
ஜெனரேட்டர்க்காரர் வந்தார்,
கையெல்லாம் டீசல்.
"ரெண்டு பாட்டுக்கு சும்மாவா நின்னீரு?" என்றார்.
எனக்கு வாய் வரவில்லை.
"இல்ல, எஞ்சின் லேசா ஓடிச்சு, அதான்.
நீரு தட்டும்போதெல்லாம்
ஒரு முக்கு முக்கும்லா."

பெயர் கேட்டேன்.
கொம்பையா.
நம்பர் கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

முதல் பஸ்ஸுக்கு ஜாய்லின் எழுந்தாள்.
டீக்காசு அவள்தான் தந்தாள்.
பையைத் திறந்து
செத்த பேட்டரியை நாக்கில் வைத்தேன்.
சுள்ளென்று ஒன்றுமில்லை,
டீயின் இனிப்புதான்.